தட்டைச் சுற்றுகிறவர் என்ன செய்கிறார்?

1

போன மாதம் எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஒரு ஒளிப்பதிவைப் போட்டுக் காட்டினேன். டெட்ராய்ட்காரரான ஜெஃப் மில்ஸ் 2004இல் வெளியிட்ட 'எக்ஸிபிஷனிஸ்ட்'. அதில் பெரும்பாலும் அவருடைய கைகள்தான். காமிரா முகத்தை விட்டுவிட்டு விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு தட்டை எடுப்பார், இன்னொன்றை வைப்பார், ஒரு குமிழைத் திருகுவார், காதில் ஹெட்போனை ஒரு பக்கமாக அழுத்திக்கொள்வார். பத்து நிமிஷம் ஓடியிருக்கும். வீதி நாடகங்களில் பறை அடிக்கிற தோழர் ஒருவர் கை தூக்கினார். "எல்லாம் சரி தோழர். தட்டுல இருக்கிறது யாரோ போட்ட இசை. இவரு என்ன வாசிக்கிறாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு ஏதோ மழுப்பினேன். இந்தக் கட்டுரை அவருக்கு நான் தாமதமாகச் சொல்கிற பதில்.

அந்தக் கேள்விக்குள் மூன்று நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. இசை ஒரு கர்த்தாவிடமிருந்து பிறக்கிறது. அவருடைய உடல் அந்தக் கணத்தில் ஒலியை உண்டாக்கினால்தான் அது நிகழ்த்துதல். பதிவு செய்யப்பட்டது செத்துப்போன ஒலி. இலக்கியத்தில் இந்த மூன்றையும் நாம் எப்போதோ கேள்விக்கு உட்படுத்திவிட்டோம். ரோலான் பார்த் 1967இல் ஆசிரியனின் மரணத்தை அறிவித்ததை ஆளுக்கொரு கட்டுரையில் மேற்கோள் காட்டியாயிற்று. பிரதி ஒரு நெசவு, பல எழுத்துகள் வந்து சேர்கிற இடம் என்றெல்லாம் எழுதியாயிற்று. ஆனால் காதுக்கு வரும்போது மட்டும் "யார் பாட்டு? யார் வாசிக்கிறது?" என்று பழைய பண்டிதர்களைப் போலக் கேட்கிறோம். கண்ணால் நவீனர்களாகவும் காதால் சனாதனிகளாகவும் இருக்கிறோம் என்றால் தோழர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நானும் அதில் அடக்கம்.

2

முதலில் கைகள் என்ன செய்கின்றன என்று பார்த்துவிடலாம். தொழில்நுட்பம் தெரியாமல் தத்துவம் பேசினால் அது வெறும் புகை.

டிஜேயின் முன்னால் குறைந்தது இரண்டு டர்ன்டேபிள்கள். நடுவில் மிக்ஸர். முதல் தட்டு கூட்டத்துக்கு ஒலித்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவது தட்டு டிஜேயின் ஹெட்போனில் மட்டும் கேட்கிறது. அதாவது ஒரு காதில் நிகழ்காலம், மறுகாதில் வரப்போகிற காலம். கூட்டத்துக்கு இன்னும் தெரியாத ஒன்றை டிஜே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

முதல் தட்டு நிமிஷத்துக்கு 128 அடி போகிறது, இரண்டாவது 132 அடி என்று வையுங்கள். அப்படியே சேர்த்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். இரண்டாவதின் வேகத்தைச் சுமார் மூன்று சதவீதம் குறைக்க வேண்டும். 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 எம்.கே.2 மாடலில் இதற்காகவே ஒரு நகர்த்துக்கட்டை உண்டு. எட்டு சதவீதம் கூட்டலாம், எட்டு சதவீதம் குறைக்கலாம். ஆனால் தட்டின் வேகம் மாறினால் சுருதியும் மாறும். ஆறு சதவீதம் வேகம் கூடினால் ஏறக்குறைய அரைச்சுரம் ஏறிவிடும். ஆகவே கணக்கைக் காலத்துக்கு மட்டுமல்ல, சுருதிக்கும் சேர்த்துப் போட வேண்டும். நிமிஷத்துக்கு ஒரே ஒரு அடி வித்தியாசம் மிச்சமிருந்தாலும் அரை நிமிஷத்தில் ஒன்றின் முரசடி மற்றதன் முரசடிகளுக்கு நடுவில் வந்து விழும். யாப்புப் படித்தவர்களுக்கு ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: தளை தட்டும். கூட்டம் யாப்பிலக்கணம் படித்ததில்லை. ஆனால் தளை தட்டினால் கால் நின்றுவிடுகிறது.

அடி ஒத்துப்போனால் மட்டும் போதாது. இரண்டு தட்டுகளின் அடிக்குரல் முரசும் ஒரே நேரத்தில் முழங்கினால் ஒலி குழம்பிச் சேறாகிவிடும். எனவே ஒன்றின் கீழ்ச்சுருதிகளைக் குமிழால் வெட்டிவிட்டு மற்றதன் கீழ்ச்சுருதிகளைத் திறப்பார். அந்தச் சில நொடிகளில் ஒரு தட்டின் கால்களும் இன்னொரு தட்டின் தலையும் சேர்ந்து ஒரு மூன்றாவது உடல் உண்டாகிறது. அது எந்தத் தட்டிலும் பதிவாகாத இசை. அந்த இரவுக்கு முன்னால் அது கிடையாது. மறுநாள் அதே தட்டுகளைப் போட்டாலும் அது திரும்பாது.

எம்.ஏ. தமிழ் படித்த புத்தி எங்கே போனாலும் சங்கப் பாடலில்தான் வந்து நிற்கிறது. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். அதிலிருக்கும் நானூறு பாடல்களில் ஒன்றைக்கூட அவர் எழுதியதாக யாரும் சொல்வதில்லை. ஆனால் ஒற்றைப்படை எண்ணெல்லாம் பாலை, 2, 8 என வருவன குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10 நெய்தல் என்று வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறது. ஒன்றுவிட்டு ஒன்று பாலை வந்துகொண்டே இருக்கும். பிரிவு என்பது அந்தத் தொகுப்பின் முரசடி. அதை எந்தப் புலவரும் எழுதவில்லை, வரிசைதான் எழுதியது. தொகுத்தவரை ஆசிரியர் என்று சொல்வதா வேண்டாமா? டிஜேயைப் பற்றிய கேள்வியும் ஏறக்குறைய இதுதான். வித்தியாசம் ஒன்று உண்டு. தொகுத்தவருக்கு ஓலையும் அவகாசமும் இருந்தன. டிஜேக்கு முன்னால் ஆட்கள் நிற்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து, தட்டு முடிவதற்குள், அடுத்ததைத் தீர்மானிக்க வேண்டும்.

3

இந்தக் கலைக்கு இரண்டு வம்சாவளி சொல்லலாம். ஒன்றை இசை வரலாற்றுப் புத்தகங்கள் மரியாதையோடு சொல்லும். மற்றதை முகம் சுளித்தபடி, ரொம்பக் காலம் கழித்துத்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

முதலாவது ஸ்டூடியோவின் வம்சம். 1939இல் ஜான் கேஜ் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 'இமேஜினரி லேண்ட்ஸ்கேப் எண் 1' என்ற படைப்பை அரங்கேற்றினார். வேகம் மாற்றக்கூடிய இரண்டு டர்ன்டேபிள்கள், அவற்றில் ஒலி அதிர்வெண்களைச் சோதிக்கப் பயன்படும் தட்டுகள், கூடவே ஒரு பியானோ, ஒரு சீனத் தாளம். பாட்டைக் கேட்கச் செய்த கருவி அங்கே வாத்தியமாக மாறியது. 1948இல் பிரெஞ்சு வானொலியில் வேலை பார்த்த பியர் ஷேஃபர் ரயில் ஓசைகளைத் தட்டில் பதிந்து ஒரு படைப்பாக்கினார். ஊசி ஒரே வட்டத்தில் மாட்டிக்கொண்டு சுற்றும்படி பள்ளத்தைப் பூட்டிவிடும் உத்தியையும் அவர் கையாண்டார். ஒலி, தான் பிறந்த பொருளிலிருந்து கழன்று, திரும்பத் திரும்ப வந்து, வேறொன்றாகிவிடுகிறது. நாம் ஒரே சொல்லைப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தால் பொருள் உதிர்ந்துவிடும் அல்லவா, அதைப் போல.

இரண்டாவது தெருவின் வம்சம். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி. நடுவில் நெடுஞ்சாலை போட்டதில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெயர்க்கப்பட்டிருந்தன. எழுபதுகளில் கட்டடங்கள் எரிந்துகொண்டிருந்தன. 1973 ஆகஸ்ட் 11ஆம் தேதி, செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பின் பொது அறையில் ஒரு பெண் பள்ளி திறப்பதற்கு முன் ஒரு விருந்து வைத்தார். தட்டுப் போட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ் கேம்பெல். கூல் ஹெர்க் என்றால்தான் உலகத்துக்குத் தெரியும். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து 1967இல் பிராங்க்ஸ் வந்தவர். தெருவில் மலைபோல ஸ்பீக்கர்களை அடுக்கிப் பாட்டுப் போடும் ஜமைக்கா மரபு அவர் ரத்தத்தில் இருந்தது.

ஹெர்க் ஒன்றைக் கவனித்தார். பாட்டு நின்று வெறும் முரசு மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில்தான் ஆட்டக்காரர்கள் வெறிகொண்டு ஆடுகிறார்கள். அந்தத் துண்டு சீக்கிரம் முடிந்துவிடுகிறது. ஆகவே ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, ஒன்றில் அந்த இடம் முடிந்ததும் மற்றதில் தொடங்கினார். சில நொடி பல நிமிஷமாக நீண்டது. ஷேஃபர் ஆய்வுக்கூடத்தில் பூட்டிய அதே வட்டம்தான். ஆனால் இங்கே அதைப் பூட்டச் சொன்னது கூட்டத்தின் கால். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் இதைக் கறாரான தொழில்நுட்பமாக்கினார். தட்டின் மேல் கோடு கிழித்து, எத்தனை சுற்றுப் பின்னால் போக வேண்டும் என்று எண்ணி, ஹெட்போனில் சரிபார்த்துக்கொண்டார். தட்டை முன்னும் பின்னும் தேய்த்து ஒலியெழுப்பும் ஸ்கிராட்ச், கிராண்ட் விஸார்ட் தியோடர் என்ற பதின்வயதுப் பையனின் கண்டுபிடிப்பு.

பெல்ட்டில் ஓடும் டர்ன்டேபிள் இந்த அடியைத் தாங்காது. மோட்டாரே நேரடியாகத் தட்டைச் சுற்றும் எஸ்.எல்.1200ஐ 1972இல் ஒரு ஜப்பானிய நிறுவனம் வீட்டில் உட்கார்ந்து கேட்பவர்களுக்காகச் செய்தது. அதைத் தங்களுக்கான வாத்தியமாக மாற்றிக்கொண்டவர்கள் தட்டுப் போடுகிறவர்கள். நுகர்பொருள் என்று விற்கப்பட்டது உற்பத்திக் கருவியானது. வால்டர் பெஞ்சமினின் எந்திர மறு உற்பத்திக் கட்டுரையை வைத்து நாம் எவ்வளவோ பேசியிருக்கிறோம். மூலத்தின் ஒளிவட்டம் போய்விட்டது என்பதோடு நிறுத்திவிடுகிறோம். நகலை வைத்துக்கொண்டு மக்கள் என்ன செய்தார்கள் என்ற இடத்துக்கு வருவதில்லை.

இந்த வம்சத்துக்கு எதிரிகளும் இருந்தார்கள். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், பார்வையாளர்கள் கொண்டுவந்த டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். வேடிக்கை என்றுதான் விளம்பரம். டிஸ்கோ அப்போது யாருடைய இசை? கறுப்பர்கள், லத்தீன் அமெரிக்கர்கள், தன்பாலீர்ப்பாளர்கள். புத்தகம் கொளுத்துவதன் அரசியல் நமக்குத் தெரியும். அதே சிகாகோவில் 'வேர்ஹவுஸ்' என்ற விடுதியில் 1977 முதல் தட்டுப் போட்டுவந்த ஃபிராங்கி நக்கிள்ஸ், அந்த எரிந்த மிச்சத்திலிருந்து ட்ரம் மெஷினைச் சேர்த்து ஒரு புதிய இசையை வளர்த்தார். 'ஹவுஸ்' என்ற பெயரே அந்த விடுதியிலிருந்து வந்தது என்பார்கள். பக்கத்து டெட்ராய்டில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய கறுப்பு இளைஞர்கள் டெக்னோவை உருவாக்கினார்கள். ரோபோக்கள் வந்து மனிதர்களுக்கு வேலை போன கார் தொழிற்சாலை நகரம் அது. அங்கே இயந்திரத்தை வாசிக்க எடுத்ததை வெறும் பொழுதுபோக்கு என்று என்னால் படிக்க முடியவில்லை.

4

பரிசோதனை என்று நான் சொல்வது இந்த இரண்டு வம்சமும் சந்திக்கிற இடத்தை.

கிறிஸ்டியன் மார்க்லே எழுபதுகளின் கடைசியிலிருந்து தட்டுகளை வெட்டி, வேறு தட்டின் துண்டுகளோடு ஒட்டி வாசித்தவர். ஊசி ஒட்டுப்போட்ட இடத்தில் ஏறி இறங்கும்போது ஒரு இடறல். அந்த இடறலே தாளம். 1985இல் 'உறையில்லாத தட்டு' என்று ஒன்றை வெளியிட்டார். பெயருக்கேற்ப உறை கிடையாது. கடையில், கையில், பையில் படுகிற கீறல் எல்லாம் இசையில் சேர்ந்துகொள்ளும். ஆயிரம் பிரதி அச்சிட்டாலும் ஒன்றுபோல ஒன்று ஒலிக்காது. மறு உற்பத்தி வித்தியாசத்தை உற்பத்தி செய்கிறது. பிலிப் ஜெக் 1993இல் 'வினைல் ரெக்வியம்' நிகழ்ச்சிக்காக 180 பழைய டான்செட் பெட்டிகளை அடுக்கினார். வீட்டுக் கூடங்களிலிருந்து தூக்கி எறியப்பட்ட பெட்டிகள், யாரும் கேட்காத தட்டுகள். 2022இல் இறக்கும்வரை அவர் அந்தப் பழம்பெட்டிகளை விடவில்லை. பெருவில் பிறந்த மரியா சாவேஸ் உடைந்த ஊசிகளையும் உடைந்த தட்டுகளையும் வைத்தே வாசிப்பவர். எந்த ஊசி என்ன ஒலி தரும் என்று அவருக்கே முன்கூட்டித் தெரியாது. ஜப்பானின் ஓட்டோமோ யோஷிஹிடே தட்டே இல்லாமல் வெறும் டர்ன்டேபிளை வாசித்துக் காட்டினார்.

இங்கே "யாரோ போட்ட இசைதானே" என்ற கேள்வி தானாகவே உதிர்ந்துவிடுகிறது. யாரோ போட்ட இசை காலத்தால் தேய்ந்து, அந்தத் தேய்மானத்தை ஒருவர் வாசிக்கிறார். பழஞ்சுவடியில் செல்லரித்த இடத்தைப் பதிப்பாசிரியர் புள்ளி வைத்துக் காட்டுவார். இவர்கள் அந்தப் புள்ளிகளை உரக்கப் படிக்கிறார்கள்.

5

சரி, இதெல்லாம் கலை விவகாரம். இதில் அரசுக்கு என்ன வந்தது?

1992 மே மாதக் கடைசியில் இங்கிலாந்தின் காசில்மார்ட்டன் பொதுவெளியில் பல்லாயிரம் பேர் கூடி ஒரு வாரம் போல ஆடினார்கள். சீட்டு இல்லை, முதலாளி இல்லை. பத்திரிகைகள் கூச்சல் போட்டன. ஸ்பைரல் ட்ரைப் என்ற குழுவினர்மேல் வழக்குப் போட்டார்கள். 1994இல் அவர்கள் விடுதலையானார்கள். அதே ஆண்டு குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டம் வந்தது. அதன் 63ஆவது பிரிவு, இரவில் திறந்தவெளியில் நூறு பேருக்கு மேல் கூடி, பெருக்கப்பட்ட ஒலியில் இசை கேட்பதைக் கலைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் தந்தது. 2003இல் அந்த எண்ணிக்கையை 20ஆகக் குறைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், எது இசை என்று சட்டமே விளக்கம் சொல்லத் துணிந்தது. முழுவதுமாகவோ பெரும்பாலுமோ திரும்பத் திரும்ப வரும் அடிகளால் அமைந்த ஒலிகளும் அதில் அடங்கும் என்றது. எனக்குத் தெரிந்து ஒரு அரசு யாப்பிலக்கணம் எழுதிய அபூர்வமான சந்தர்ப்பம் இது.

ஓட்டெக்கர் என்ற இரட்டையர் அந்த இலக்கணத்துக்கு 1994இலேயே பதில் எழுதினார்கள். 'ஆன்ட்டி' என்ற தட்டு. அதில் 'ஃபிளட்டர்' என்ற உருப்படியை, எந்த இரண்டு தாளவட்டணையும் ஒன்றுபோல வராதபடி அமைத்தார்கள். சட்டப்படி அது திரும்பத் திரும்ப வரும் அடி அல்ல. ஆனால் ஆடலாம். தட்டைப் போடும் டிஜேக்கள் ஒரு வக்கீலையும் ஓர் இசை அறிஞரையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது என்று உறையில் ஒரு குறிப்பும் ஒட்டியிருந்தார்கள். லாபம் ஒரு குடியுரிமை அமைப்புக்குப் போனது.

திரும்ப வருதல் என்றால் அதிகாரத்துக்கு ஏன் பயம்? கூட்டம் ஒரே அடியில் காலைத் தூக்குவது அணிவகுப்பிலும் நடக்கிறது. அதைச் சட்டம் தடுப்பதில்லை. அணிவகுப்பில் உடல்கள் ஒரே மாதிரி அசைய வேண்டும். ஆட்டத்தில் அடி ஒன்று, அசைவு ஆளுக்கொன்று. ஒரே அடிக்கு ஆயிரம் வித்தியாசம் விளைகிறது. யாரும் ஆணையிடாமல் ஆயிரம் பேர் ஒரு காலத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அதுதான் உறுத்துகிறது. 2018 மே மாதம் ஜார்ஜியாவின் திபிலிசி நகரில் பாசியானி என்ற நடன விடுதிக்குள் ஆயுதம் தாங்கிய காவலர்கள் புகுந்தபோது, மக்கள் நாடாளுமன்றத்தின் முன் திரண்டார்கள். கோஷம் மட்டும் போடவில்லை. ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்து, டிஜேக்கள் தட்டுப் போட, ஆடினார்கள். ஒலிபெருக்கிக்கு எழுதிக் கொடுத்து அனுமதிக்குக் காத்திருந்து பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

6

ஒரேயடியாகப் புகழ்ந்துவிட்டுப் போக எனக்கு மனசில்லை.

பழைய விடுதிகளில் டிஜே ஒரு மூலைக் கூண்டில் இருப்பார். ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்து ஆடுவார்கள். பிறகு டிஜே மேடை ஏறினார். எல்லோரும் அவரைப் பார்த்து நிற்க ஆரம்பித்தார்கள். கர்த்தாவைக் கொன்ற இடத்திலேயே புதுக் கடவுளைப் பிரதிஷ்டை பண்ணியாயிற்று. வெளிச்சமும் வாணவேடிக்கையும் நொடி பிசகாமல் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக முன்கூட்டியே அடுக்கிவைத்த வரிசையை ஓட்டிவிட்டுக் கை மட்டும் ஆட்டுகிற பெருமேடைகளும் உண்டு. அங்கே பறைத் தோழரின் கேள்வி நூற்றுக்கு நூறு நியாயம்.

2001இல் ஏபிள்டன் லைவ் என்ற மென்பொருள் வந்தது. அதே ஆண்டு பயனியர் நிறுவனத்தின் சி.டி.ஜே. 1000 வந்தது. தட்டு இல்லாமலே தட்டுப் போடலாம் என்றாயிற்று. பிறகு ஒரு பொத்தானை அழுத்தினால் அடி தானாக ஒத்துக்கொள்கிற வசதியும் வந்தது. மடிக்கணினிக்குப் பின்னால் ஒருவர் நிற்கிறார். உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இதற்கு இரண்டு எதிர்வினைகள் எனக்குப் பிடித்தவை. ஓட்டெக்கர் விளக்கையே அணைத்துவிட்டு இருட்டில் வாசிக்கிறார்கள். பார்க்க ஒன்றுமில்லை, கேள். மறுபக்கம், 2004இல் தொடங்கிய டோப்லாப் என்ற குழுவினரும் 2012 முதல் 'ஆல்கோரேவ்' நடத்துபவர்களும் திரையைத் திறந்து காட்டுகிறார்கள். கணினி நிரலைக் கூட்டத்தின் முன்னாலேயே எழுதுகிறார்கள். ஒரு எண்ணை மாற்றினால் தாளம் மாறுவது சுவரில் தெரியும். தப்பாக எழுதினால் இசை நின்றுபோவதும் தெரியும்.

ஒன்று மர்மத்தை ஒழிக்கிறது, மற்றது மேடையை ஒழிக்கிறது. இரண்டும் சேர்ந்து எனக்கு ஒரு அளவுகோலைக் கொடுத்தன. நிகழ்த்துதல் என்பது ஒலியை உண்டாக்குவதல்ல. தோற்றுப்போகக்கூடிய ஒரு முடிவை மற்றவர்கள் முன்னால், அந்த நேரத்தில் எடுப்பது. தட்டு தளை தட்டலாம், ஊசி எகிறலாம், நிரல் உடையலாம், கூட்டம் கலைந்து போகலாம். கலைந்து போக முடியாத கூட்டத்தின் முன்னால், தவறவே முடியாத இயந்திரத்தை வைத்துக்கொண்டு செய்வது நிகழ்த்துதல் அல்ல, ஒலிபரப்பு.

இதைத் தோழரிடம் நேரில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "நாங்க பறையைக் காய்ச்சும்போதே தெரிஞ்சிரும் தோழர், இன்னிக்குக் கூட்டம் நிக்குமா நிக்காதான்னு. அடி எங்களுது இல்ல. தாத்தன் அடிச்ச அடிதான். எங்க நிறுத்தணும், எங்க ஏத்தணும்கிறதுதான் எங்க வேலை" என்றார்.

அப்புறம், "அந்தப் படத்தை இன்னொரு தடவை போடுங்க. இந்தத் தடவை கையைப் பாக்கிறேன்" என்றார்.